வண்டியின் சூடும் வியாபாரத்தின் பரக்கத்தும்



வாப்பா அவர்கள் வஃபாத்தான பின், அவர்கள் விட்டுச் சென்றவற்றுள் பங்கிடுவதற்குக் கடினமாக இருந்தது அவர்களுடைய பழைய டீசல் கார்தான். நிலத்தை அளக்கலாம், நகையை நிறுக்கலாம். காரை விற்றுப் பணமாக்கினால்தான் பிரிக்க முடியும். கடன்களை அடைத்து, வஸிய்யத்தை நிறைவேற்றிய பிறகு, உம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு. எஞ்சியதில் எனக்கு இரண்டு பங்கு, என் சகோதரிகள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. ஆகவே அந்தக் காரின் விலையில் குறைகின்ற ஒவ்வொரு ரூபாயும் என்னுடையது மட்டுமன்று. விற்பவன் நானாக இருந்தாலும், நால்வருடைய அமானிதம் என் கையில் இருந்தது.

வாங்க வந்தவர் ஆறுமுகநேரியைச் சேர்ந்த ஓர் இளைஞர். மாற்றுச் சமயச் சகோதரர். தம் தாயாரை வாரம் இருமுறை திருநெல்வேலிக்கு டயாலிசிஸ் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லவே வண்டி தேடுவதாகச் சொன்னார். விலை பேசி முடித்து, பத்து நாளில் பணத்துடன் வருவதாகக் கூறிச் சென்றார்.

அந்தப் பத்து நாளுக்குள்தான் வண்டி தன் குறையைக் காட்டியது. காயல்பட்டினத்திலிருந்து திருநெல்வேலி வரை சாலையில் ஓடியபோது வெப்பமானியின் முள் அசையவில்லை. நகருக்குள் நெரிசலில், ஏசி ஓட, வண்டி நின்று நின்று ஊர்ந்தபோது முள் மெல்ல மேலேறியது. ஏசியிலும் குளிர்ச்சி குறைந்தது. ஏசியை அணைத்ததும் முள் இறங்கிவிட்டது. இரண்டாம் முறை சென்றபோதும் அப்படியே.

ஊரில் பட்டறை வைத்திருப்பவர் பார்த்துவிட்டு, முன்பக்கத் துணை விசிறி ஓடவில்லை என்றார். அவர் இரண்டு வழி சொன்னார். புது மோட்டார் போடலாம், செலவு அதிகம். அல்லது விசிறிக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் வைத்துவிடலாம். அரைமணி நேர வேலை. மச்சான் இரண்டாவது வழியையே விரும்பினார். விசிறி சுற்றினால் போதும், விற்கப்போகிற வண்டிக்கு ஏன் செலவு, விலை இறங்கினால் உங்கள் உம்மாவின் பங்கும்தானே குறைகிறது என்று கேட்டார். அவர் பேச்சில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வாரிசுகளின் பணத்தை நான் விருப்பம்போல் விட்டுக்கொடுக்க முடியாது.

ஆனால் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த நிகழ்ச்சி நம் அனைவருக்கும் தெரியும். மேலே காய்ந்த தானியம். விரலில் பட்டதோ ஈரம். மழையில் நனைந்ததாக வியாபாரி சொன்னார். அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவரைத் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று அவர்கள் எச்சரித்தார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் வைக்கும் சுவிட்சும் அந்த ஈரத்தைப் போன்றதுதான். வாங்கியவர் ஒரு நாள் அதைப் போட மறந்தால் எஞ்சின் கொதிக்கும், அலுமினிய சிலிண்டர் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். நடுவழியில் வண்டிக்குள் ஒரு நோயாளி இருப்பார். ஃபியூஸ் இல்லாமல் இழுத்த ஒயர் உரசினால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

எனவே, கோளாறு எது என்பதை முதலில் உறுதி செய்வோம் என்று மச்சானிடம் சொன்னேன். செய்தியைத் தீர விசாரிக்காமல் முடிவெடுத்தால் அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைக்க நேரும் என்று சூரத்துல் ஹுஜுராத் எச்சரிக்கிறது. மனிதர்கள் கொண்டுவரும் செய்தியைப் பற்றிய கட்டளை அது. எனினும் அந்தப் பழக்கம் பட்டறையிலும் பயன்படுகிறது.

இத்தகைய வண்டிகளில் எஞ்சினின் பெல்ட்டால் சுழலும் பெரிய விசிறி ஒன்று ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும். துணை விசிறி மின்சாரத்தில் ஓடுவது. ஏசி கண்டென்சருக்கு முன்னால் இருப்பது. வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே போதும். நிற்கும்போது எஞ்சினின் சுழற்சி குறைவதால் பெரிய விசிறியும் மெதுவாகிறது. கண்டென்சரின் வெப்பம் ரேடியேட்டர்மேல் விழுகிறது. ஏசி வாயுவின் அழுத்தம் ஏறி ஒரு வரம்பைத் தாண்டியதும், ஒரு பிரஷர் சுவிட்ச் ரிலேயை இயக்கி விசிறியை ஓட்டவேண்டும். அந்த வரம்பு வண்டிக்கு வண்டி மாறும். 15 முதல் 20 பார் வரை இருப்பது வழக்கம். சாலையில் முள் ஏறாததால் வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் முதல் சந்தேகத்திற்குரியவையல்ல என்பது விளங்கியது.

அஸர் தொழுதபின், எஞ்சின் ஆறியிருந்த நேரத்தில், ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஃபியூஸ் நன்றாக இருந்தது. விசிறியின் ரிலேயை எடுத்து, அதே வகையைச் சேர்ந்த ஹாரன் ரிலேயின் இடத்தில் செருகினோம், ஹாரன் அடித்தது. ஆக, ரிலேயில் குறையில்லை. அதைத் திரும்ப வைத்து, பிரஷர் சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் சிறு ஒயரால் இணைத்தோம். ரிலே 'டிக்' என்றது, விசிறி அசையவில்லை. கட்டளை போகிறது, வேலை நடக்கவில்லை. மோட்டாரின் இணைப்பைப் பிரித்து பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்ததும் விசிறி வேகமாகச் சுற்றியது. புது மோட்டாருக்கு அவசியமே இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

எஞ்சியது இணைப்புக்கு வரும் இரண்டு ஒயர்கள். டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை பாசிட்டிவ் ஒயரிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தால் விளக்கு எரிந்தது. மறுமுனையை விசிறியின் எர்த் ஒயருக்கு மாற்றினால் எரியவில்லை. மின்சாரம் வருகிறது; திரும்பிச் செல்ல வழியில்லை. அந்த எர்த் ஒயரைத் தொடர்ந்து சென்றால், ஹெட்லைட்டுக்குக் கீழே பாடியில் முறுக்கிய ஒரு போல்ட். கடற்காற்றும் மழைநீரும் படுகின்ற இடம். உப்பளங்கள் சூழ்ந்த நம் பகுதியில் ஆண்டுக்கணக்கில் ஓடிய வண்டி அது. போல்ட் துருவேறி, ஒயரின் முனை பச்சை பூத்து உதிர்ந்திருந்தது.

துருவை உப்புத்தாளால் தேய்த்து, புது முனை போட்டு, இறுக முறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவினோம். விசிறி ஓடியது. ஓடும்போதே, மோட்டாரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே மீட்டரை வைத்துப் பார்த்தோம், 0.1 வோல்ட் அளவே காட்டியது. பிறகு, போட்டிருந்த சிறு ஒயரை எடுத்துவிட்டு, பிரஷர் சுவிட்சைப் பழையபடி இணைத்து, ஏசியுடன் வண்டியை நிறுத்தி ஓடவிட்டோம். சற்று நேரத்தில் விசிறி தானே ஓடியது. அழுத்தம் தணிந்ததும் தானே நின்றது. அல்ஹம்துலில்லாஹ்.

இனி இதை வாங்குபவரிடம் சொல்லவேண்டுமா என்று மச்சான் கேட்டார். சரிசெய்த குறை குறையல்லவே என்றார். கியாருல் ஐப் என்று ஃபிக்ஹ் நூல்களில் ஒரு பாடம் உண்டு: விற்பனைக்கு முன்பே இருந்த குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. விசிறி சரியாகிவிட்டது உண்மை. எஞ்சின் இருமுறை சூடேறியதும் உண்மை. ரேடியேட்டர் ஹோஸ்கள் பழையவை என்பதும் அன்று பார்த்தபோது தெரிந்தது. இரு சகோதரிகளிடமும் தொலைபேசியில் பேசி, இவற்றைச் சொன்னால் விலை குறையலாம், சம்மதமா என்று கேட்டேன். இருவரும் சம்மதித்தார்கள். உம்மா மட்டும், "உங்க வாப்பா இருந்திருந்தா அந்த ஹோஸையும் மாத்தித்தான் குடுத்திருப்பாங்க" என்றார்கள்.

இளைஞர் வந்தபோது எல்லாவற்றையும் சொல்லி, அந்த போல்ட்டையும் காட்டினேன். அவர் தமக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்து வந்து காட்டினார். ஹோஸ்களுக்கான தொகையைக் குறைத்துக் கேட்டார், கொடுத்தோம். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிக்கப்படும் என்பது நபிமொழியின் கருத்து. பங்கு பிரித்த அன்று நால்வர் கையிலும் வந்த தொகை எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவுதான். யார் மனத்திலும் உறுத்தலில்லை.

பழைய டீசல் வண்டி வைத்திருப்போர் கோடைக்கு முன் ஒருமுறை ஏசியைப் போட்டு, நின்ற நிலையில் துணை விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடவில்லையெனில் மோட்டாரை மாற்றுமுன் எர்த்தைச் சோதியுங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள். சில வண்டிகளில் எஞ்சினை அணைத்த பிறகும் விசிறி திடீரெனச் சுழலும். கையை வைக்குமுன் அதன் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

நம் கொடுக்கல் வாங்கல்களில் அல்லாஹ் உண்மையையும் பரக்கத்தையும் தருவானாக. அந்தத் தாயாருக்கு ஷிஃபாவையும், வாப்பாவுக்கு மஃபிரத்தையும் வழங்குவானாக. ஆமீன்.