குழாயடியில் நிற்பவன்

சீர்காழியில் ஆண் பிள்ளைகள் மட்டும் பயிலும் பள்ளியில் படித்தவன் நான். மாணவர் நலம் என்றதும் மதிய உணவுதான் நம் நினைவுக்கு வருகிறது. காமராசர் ஆட்சியில் 1956-இல் தொடங்கியது, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982-இல் சத்துணவாக விரிந்தது. ஆனால் நண்பர்களே, அந்தத் தட்டு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பதினொன்றாம் வகுப்பில் பசிப்பவன் தண்ணீர்க் குழாயடிக்குத்தான் போவான்.

எங்கள் வகுப்பாசிரியர் இதை நன்கறிந்தவர். மதிய மணி அடித்ததும் குழாயடியில் யார் நெடுநேரம் நிற்கிறான் என்று பார்ப்பார். "என்னடா கஷ்டம்?" என்று கேட்கமாட்டார். கேட்டால் "ஒன்றுமில்லை சார்" என்போம். ஆண் பிள்ளையின் ரோஷம்! "எனக்கு டிபன் வாங்கி வாடா, உனக்கும் சேர்த்து" என்று காசைக் கொடுப்பார். சுவரில் 14417 என்ற உதவி எண்ணும் எழுதியிருந்தது. நல்ல ஏற்பாடுதான், பேசத்தான் எங்களுக்குக் கூச்சம்.

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. சம்பாப் பயிர் மூழ்கிப்போயிற்று. பள்ளி திறந்தும் என் நண்பன் வரவில்லை. திருப்பூருக்கு வேலைக்குப் போகத் துணிமணியைக் கட்டிவிட்டான். வருகைப் பதிவேட்டில் மூன்றாம் நாளும் அவன் 'ஆப்சென்ட்' ஆனதும், ஆசிரியர் சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவன் வீட்டுத் திண்ணைக்கே போய்விட்டார். அவன் தந்தையோடு வெகுநேரம் பயிரைப் பற்றியே பேசினாராம். எழுந்திருக்கும்போதுதான், "பையனை நாளைக்கு அனுப்பிவிடுங்கள்" என்றாராம்.

நண்பன் இன்று நம் கல்லூரியில்தான் விலங்கியல் படிக்கிறான். பெயரைப் போட்டால் உதைப்பேன் என்று எச்சரித்திருக்கிறான்.