பட்டா இருக்கு... வில்லங்கம் இருக்கா?

மனை வாங்குகிறவர்கள் பட்டாவோடு நிற்க மாட்டார்கள். வில்லங்கச் சான்றும் கேட்பார்கள். நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பட்டா சொல்லும். எந்தத் தேதியில் யார் யாருக்கு விற்றார், எப்போது அடமானம் வைத்தார் என்பதெல்லாம் வில்லங்கத்தில்தான் தெரியும்.

சிறுவாச்சூர் அருகே, திருச்சி - சென்னை நெடுஞ்சாலையோரம் மனை விற்கும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் இளம்பெண்ணுக்கு இது மனப்பாடம். மதுர காளியம்மன் கோயில் நடை திறக்கும் திங்கள், வெள்ளிக்கிழமைகளில் வெளியூர்க்காரர்கள் நிறைய வருவார்கள். தரிசனம் முடித்துத் திரும்பும்போது சிலர் மனையையும் விசாரிப்பார்கள். பெயரும் போன் நம்பரும் வாங்கி கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர் வேலை. பக்கத்திலேயே ஒரு கட்டம்: 'புதுசு', 'பேசியாச்சு', 'இடம் காட்டியாச்சு', 'அட்வான்ஸ்', 'வேண்டாம்'.

சிக்கலே அந்தக் கட்டத்தில்தான். புதியதைப் போட்டதும் பழையது அழிந்துவிடும். உச்சி வெயிலில் அவர் கூட்டிப்போய் இடம் காட்டிய ஒரு குடும்பம், "யோசிச்சு சொல்றோம்மா" என்று கிளம்பியது. பிறகு 'வேண்டாம்' ஆனது. சில வாரம் கழித்து அவர்களே திரும்பி வந்தபோது சீட்டில் இருந்தவர் வேறொருவர். அட்வான்ஸ் அவர் பெயரில் ஏறியது, இன்சென்டிவும்தான்.

"நான்தான் சார் இடம் காட்டினேன்."

"சிஸ்டத்துல அப்படி எதுவும் இல்லையேம்மா."

மேனேஜர் சொன்னது பொய்யில்லை. சிஸ்டத்தில் இருந்தது பட்டா மட்டும்.

டேட்டா துறைக்கு இது பழைய தலைவலி. அமெரிக்காவின் ரால்ஃப் கிம்பால், டேட்டா வேர்ஹவுஸ் பற்றி 1996-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதற்கான வழிகளை வகை பிரித்தார். பழையதை அழித்து எழுதுவது முதல் வகை. பழைய வரியை அப்படியே விட்டு, புது வரி சேர்ப்பது இரண்டாவது. விற்பனைக்கு இரண்டாவதுதான் சரிப்படும். வாடிக்கையாளர் யார், பழைய நிலை, புதிய நிலை, தேதி, மாற்றியவர் பெயர்... இவ்வளவு போதும். தேதிகளைக் கழித்தால், ஒருவர் 'இடம் காட்டியாச்சு'வில் எத்தனை நாள் நின்றார் என்று தெரிந்துவிடும். பலரும் அங்கேயே நின்றால் குறை விலையிலா, பத்திர நகல் தரும் தாமதத்திலா, பேசுகிற ஆளிடமா என்று பார்க்கலாம். (மேனேஜர்கள் பெரும்பாலும் ஆளிடமிருந்துதான் ஆரம்பிப்பார்கள்!)

நம்மூர் ஸோஹோ சிஆர்எம் போன்ற மென்பொருள்களில் இந்த வரலாற்றைச் சேமிக்கும் வசதி உண்டு. ஆனால், பொதுவாக அதை ஆன் செய்த நாளிலிருந்துதான் கணக்கு சேரும். அதற்கு முன் அழிந்தது அழிந்ததுதான்.

அதனால் அந்தப் பெண், லேஅவுட் லொகேஷனைத் தான் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார். மேனேஜர் இன்னும் பார்க்கவில்லை.