கேட்கக் கூசிய கேள்வி

நான் வத்தேகமவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். 1977 கலவரத்தின் பின் எங்கள் குடும்பம் கிளிநொச்சிக்குப் போய்க் குடியேறியது. 2009 இல் கணவரையும் மூத்த மகனையும் இழந்தேன். முகாமில் இருந்துவிட்டு, கடைசியில் வத்தேகமவில் தங்கச்சி வீட்டுக்கே திரும்பி வந்தேன்.

இரவில் நித்திரை வராது. கண்ணை மூடினால் ஷெல் சத்தம் கேட்கும். ஒருநாள் தங்கச்சி தேத்தண்ணிக் கோப்பையில் கொஞ்சம் சாராயம் ஊற்றித் தந்தாள். "குடிச்சிட்டுப் படு அக்கா, ஒடம்பு வலியும் போகும்" என்றாள். தோட்டத்தில் இது புதிதல்ல. கொழுந்து பறித்துக் களைத்த பெண்கள் சிலர் ஒரு மிடறு குடிப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பிராந்தி கொடுப்பதும் உண்டு. ஆனால் எவரும் வெளியில் சொல்வதில்லை. பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்ற பழைய தடையை 2018 ஜனவரியில் நீக்கியபோது நாட்டில் எத்தனை கூச்சல்! சில நாட்களிலேயே தடை திரும்பி வந்தது. அப்படியான நாட்டில் நான் எப்படி வாய் திறப்பேன்?

பிறகு இடது மார்பில் கட்டி வந்தது. சத்திரசிகிச்சை, கீமோ, கதிர்ச் சிகிச்சை எல்லாம் கண்டியில் முடிந்தன. அந்த மாதங்களில் நான் சாராயத்தைத் தொடவில்லை. சிகிச்சை முடிந்ததும் நித்திரையில்லாத இரவுகள் திரும்பின. கோப்பையும் திரும்பியது. 'கொஞ்சம்தானே' என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனாலும் பயம் விடவில்லை. ஒரு கிளினிக் நாளில் தமிழ் தெரிந்த தாதியிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் டொக்டரிடம் சொன்னார். டொக்டர் ஏசவில்லை. எவ்வளவு, தினமுமா என்று கேட்டுவிட்டு விளக்கினார்.

மதுபானம் புற்றுநோயை உண்டாக்கும் என்று 1988 இலேயே உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சி நிலையம் அறிவித்துவிட்டது. அது உடம்பில் ஈஸ்ட்ரஜனைக் கூட்டுகிறது. எனக்கு வந்த கட்டி வளர்வதும் அந்த ஹோர்மோனால்தான். அதைத் தடுக்கத்தான் தினமும் தமொக்சிபன் குளிசை விழுங்குகிறேன். 40 மில்லிலீற்றர் சாராயத்தில் ஏறக்குறைய 10 கிராம் மதுசாரம் இருக்கிறது. தினமும் அவ்வளவு குடித்தாலே மார்பகப் புற்றுநோய் வரும் ஆபத்து 7 முதல் 10 வீதம் வரை கூடுகிறது. நோய் வந்தவளுக்கு மற்ற மார்பும் இருக்கிறதே! சாராயம் தரும் நித்திரையும் பாதி இரவில் கலைந்துவிடும்.

"எப்பவாவது விசேஷத்துக்கு ஒரு மிடறு குடிச்சா அதுக்காகப் பயந்து சாக வேணாம். ஒண்டும் குடிக்காம இருந்தா இன்னும் நல்லது. தினமும் மட்டும் வேணாம்" என்று தாதி தமிழில் சொன்னார். பிறகு, "எதுக்கும்மா குடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

அன்றுதான் மகனைப் பற்றி முதன்முதலாக ஓர் அந்நியரிடம் சொல்லி அழுதேன். என்னை உளநல கிளினிக்குக்கு அனுப்பினார்கள். இப்போது பெரும்பாலான இரவுகளில் நித்திரை வருகிறது. எல்லா இரவும் அல்ல.

அடியோடு விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். தங்கச்சி மகளின் கலியாணத்தில் ஒரு மிடறு குடித்தேன். அத்தோடு கிளாஸை வைத்துவிட்டேன்.

சகோதரிகளே, நாங்கள் இதைவிடப் பெரியவற்றைத் தாங்கி வந்தவர்கள். ஒரு கேள்வி கேட்க வெட்கப்பட வேண்டாம்.