காது கொடுத்த அப்பா

எங்கள் விடுதியில் ஞாயிறு மாலை ஒரு விளையாட்டு. சீனியர் அண்ணன் கிட்டார் வாசிப்பார். நாங்கள் முதுகு காட்டி உட்கார்ந்து, அவர் எந்தப் பெடலை மிதிக்கிறார் என்று காதாலேயே சொல்ல வேண்டும். நான்கும் சரியென்றால் டீ அவர் செலவு. தப்பினால் நம் செலவு.

ஒரு மாதம் என் காசுதான் கரைந்தது! வீட்டிலேயே முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். "இதெல்லாம் நமக்கு வராதுடா" என்று ஒதுங்கினேன்.

விடுமுறையில் ஊருக்குப் போனேன். அப்பா பம்ப்செட் மெக்கானிக். ஸ்குரூ டிரைவர் நுனியை மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். "பேரிங் தேஞ்சிருச்சு. சத்தத்தை மொத்தமாக் கேக்காத தம்பி, புதுசா எது சேந்திருக்குன்னு கேளு" என்றார்.

திரும்பி வந்து அப்படியே கேட்டேன். வாசித்ததே எதிரொலித்தால் டிலே. வாய் திறந்து மூடுவது போலிருந்தால் வா-வா. டயோடு அலையின் தலையை வெட்டும் கரகரப்பு டிஸ்டார்ஷன். நம் லேபில் செய்யும் கிளிப்பர்தான்! குளவி ரீங்காரம் ஃபஸ். பழுதான ஒரு மிக்ஸரில் பிறந்த அந்த ஓசைதான் 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் பெடலாக வந்தது.

நான்கும் சரி! அண்ணன் டீ வாங்கினார்.

அப்பாவுக்குக் கையெழுத்து மட்டுமே போடத் தெரியும். ஆனால் நண்பர்களே, என் முதல் லேப் அவர் காதுதான்!