எஞ்சின் எங்கப்பா?

நேத்து கோவை வந்தே பாரத்ல பக்கத்து சீட்டுப் பையன் கண்ணாடியில மூக்கை அழுத்திக்கிட்டு கேட்டான்: "இதுக்கு எஞ்சின் எங்கப்பா?"

நல்ல கேள்வி.

தனியா எஞ்சின் கிடையாது. ஒண்ணு விட்டு ஒரு பெட்டிக்கு அடியில மோட்டார் இருக்கு. எல்லாம் சேர்ந்து இழுக்குது. அதான் கிளம்பினதும் சட்டுனு வேகம் பிடிக்குது.

2018ல நம்ம பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில பொறந்த வண்டி. அப்போ பேரு ட்ரெயின் 18.
அப்போ ஐசிஎஃப் பொது மேலாளர் சுதான்ஷு மணி. இறக்குமதி வேணாம், நாமளே செய்வோம்னு நின்னார்.
சுமார் 18 மாசத்துல வண்டி ரெடி. சோதனை ஓட்டத்துல மணிக்கு 180 கிலோமீட்டர்!

1955லேர்ந்து பெட்டி கட்டுற தொழிற்சாலை அது. வெல்டர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன்னு அங்கேயே வேலை பார்த்தவங்கதான் இதையும் கட்டினாங்க. அதை நினைச்சா எனக்கு அவ்ளோ பெருமையா இருக்கு.

2019 பிப்ரவரியில டெல்லி–வாரணாசி முதல் ஓட்டம். அதுக்குள்ள மணி சார் ரிட்டையர் ஆயிட்டார்.

பலன் வர்றப்போ தான் அந்த நாற்காலியில இருப்போமான்னு பார்க்காம வேலையை ஆரம்பிச்சு வச்ச மேலதிகாரி உங்க ஆபீஸ்ல யாராச்சும் இருந்திருக்காங்களா? அவங்களைப் பத்தி சொல்லுங்களேன்.