கம்ப்யூட்டர் கடிக்குதுப்பா

"அப்பா, கம்ப்யூட்டர் கடிக்குதுப்பா."

ஏழு வயசு மகள் இதை மூணு தடவை சொன்னாள். மூணு தடவையும் நான் காதில் வாங்கவில்லை.

நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள், பாதி டயக்னோசிஸ் அதிலேயே இருக்கும் என்று எம்.பி.பி.எஸ். படிக்கும்போது சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். ஓ.பி.யில் அது ஞாபகம் இருக்கு. வீட்டுக்கு வந்தால் மறந்து போச்சு.

மக்களே, இது கம்ப்யூட்டருக்கு எஸ்.எம்.பி.எஸ். மாத்தின கதை. கொஞ்சம் நீளம். ஆனா கடைசிப் பகுதி கம்ப்யூட்டரே இல்லாத வீட்டுக்கும் தேவைப்படும். அதனால் முழுசாப் படிச்சிடுங்க.

ஹவுஸ் சர்ஜனாக இருந்தப்போ வந்த ஸ்டைபெண்டைச் சேர்த்து, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் பாகம் பாகமா வாங்கி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் அது. ஒன்பது வருஷம் உழைச்சுது. என்னோட பி.ஜி. நீட் நோட்ஸ், கல்யாண போட்டோ, மகளோட முதல் சிரிப்பு வீடியோ எல்லாம் அதில்தான்.

இந்த வருஷம் சித்திரை மாசம் ஒரு நாள் பட்டனை அழுத்தினால், ஃபேன் ஒரு துடி துடிச்சு நின்னு போச்சு. மறுபடி அழுத்தினேன். அதே துடிப்பு, அதே நிறுத்தம்.

எஸ்.எம்.பி.எஸ். என்ன செய்யுதுன்னு முதல்ல பார்த்திடலாம்.

நம்ம வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பாகங்களுக்கு வேண்டியது 12, 5, 3.3 வோல்ட் டி.சி. அந்தக் குதிரையை அடக்கி, அளந்து கொடுப்பதுதான் எஸ்.எம்.பி.எஸ். வேலை. உடம்பில் ரத்த அழுத்தம் மாதிரி. ரொம்பக் குறைஞ்சாலும் ஆபத்து, ரொம்ப ஏறினாலும் ஆபத்து. மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள், சிவப்பு ஒயரில் 4.75 முதல் 5.25க்குள் இருக்கணும். 5 சதவீதம் மேலே கீழே, அதுதான் நார்மல் ரேஞ்ச்.

உள்ளே கெப்பாசிட்டர்னு சின்னச் சின்ன டப்பா மாதிரி பாகங்கள் உண்டு. அதுக்குள்ளே இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல மெல்ல வத்தும். பொதுவான கணக்கு என்னன்னா, வெப்பம் 10 டிகிரி ஏறினால் அதோட ஆயுள் பாதியாகும். ஆற்காடு வெயில் எப்படின்னு இந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்குச் சொல்லணுமா? அக்னி நட்சத்திரத்தில் மாடி வீட்டில் ஃபேன் காத்தே ஹேர் டிரையர் மாதிரி வரும். அதோட தூசி வேற.

நம்ம ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் இன்னொண்ணும் இருக்கு. தோல் பதனிடும்போது முடி நீக்க சோடியம் சல்ஃபைடு போடுவாங்க. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அழுகின முட்டை நாத்தம். வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைப்பது இந்த வாயுதான். அது செம்பையும் அரிக்கும். தோல் ஷெட் ஆபீஸில் கம்ப்யூட்டர் வெச்சிருக்கிறவங்க கனெக்டர் பின்னையெல்லாம் ஒரு தடவை எடுத்துப் பாருங்க. (தொட்டிக்குள் இறங்கும் மனுஷனை இதே வாயு நிமிஷத்தில் சாய்ச்சிடும். அது தனியா எழுத வேண்டிய விஷயம்.)

ஆக ஒன்பது வருஷம் உழைச்ச எஸ்.எம்.பி.எஸ். போனது வயோதிகம். அதுக்கு நான் செஞ்ச வைத்தியம்தான் தப்பு.

கடைக்குப் போனேன். "450 வாட்ஸ், 600 ரூபா டாக்டர் சார்" என்றார். மதிய டூட்டிக்கு நேரமாச்சு. வாங்கி மாட்டிட்டேன்.

நாலே மாசம். ஆவணியில் ஒரு ராத்திரி "பட்"னு சத்தம், கருகின வாசனை, வீடு முழுக்க இருட்டு. நல்லவேளை, ஹார்டு டிஸ்க் பிழைச்சுது. பழைய டப்பாவின் லேபிளை அப்போதான் உட்கார்ந்து படிச்சேன். மேலே கொட்டை எழுத்தில் 450. கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட் லைனுக்கு 14 ஆம்பியர். பெருக்கிப் பாருங்க: 168 வாட். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் இழுப்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில்தான். மத்ததெல்லாம் கூட்டிக் காட்டின கணக்கு.

மூணாவது தடவை ஒழுங்கா படிச்சுட்டு வாங்கினேன். பிராண்ட் பேர் சொல்ல மாட்டேன். எதைப் பார்க்கணும்னு சொல்றேன்.

1. மொத்த வாட்டைப் பார்க்காதீங்க. 12 வோல்ட் லைனில் எத்தனை ஆம்பியர்னு பாருங்க. அதை 12ஆல் பெருக்கினால் வருவது மொத்த வாட்டுக்குப் பக்கத்தில் இருக்கணும்.

2. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டர் 150 வாட்டைத் தாண்டுவதே அபூர்வம். அதுக்கு 750 வாட் வாங்குவது, ரெண்டு பேர் வீட்டுக்குக் கல்யாண அண்டாவில் சோறு வடிக்கிற மாதிரி. உண்மையான 400, 450 தாராளம். கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அந்தக் கம்பெனி சொல்லும் அளவைப் பாருங்க.

3. '80 ப்ளஸ்' முத்திரை. 2004இல் தொடங்கின திட்டம். சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் குறைஞ்சது 80 சதவீதத்தைப் பயனுள்ளதா மாத்தணும், மிச்சம்தான் சூடா போகலாம் என்பது அடிப்படை. அதுக்கு மேலே பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைட்டானியம்னு படிகள். வீட்டுக்கு பிரான்ஸ் போதும். ஆனா இது சிக்கனத்துக்கான சர்டிஃபிகேட். தரத்துக்கு முழு உத்தரவாதம் இல்லை. ஸ்டிக்கரை யார் வேணும்னாலும் ஒட்டலாம், அதனால் அந்தத் திட்டத்தின் பட்டியலில் மாடல் இருக்கான்னு பாருங்க.

4. கையில் தூக்கிப் பாருங்க. உள்ளே ஒழுங்கா பாகம் போட்டிருந்தால் கனம் தெரியும். என் 600 ரூபா டப்பா பஞ்சு மாதிரி இருந்துச்சு.

5. வாரண்டி எத்தனை வருஷம்? செஞ்சவனுக்கே நம்பிக்கை இல்லாத பொருளை நாம ஏன் நம்பணும்?

6. பிராண்டட் ஆபீஸ் கம்ப்யூட்டர்னா சாதாரண எஸ்.எம்.பி.எஸ். பொருந்தாமல் போகலாம். அளவும் வேற, கனெக்டரும் வேற. பழசைக் கழட்டிக் கையோட எடுத்துட்டுப் போங்க.

மாட்டும்போது: ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிட்டுத்தான் கை வைக்கணும். பிடுங்கின பிறகு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடிங்க, மிச்சச் சார்ஜ் இறங்கும். 24 பின் கனெக்டர் மதர்போர்டுக்கு, நாலும் நாலுமா பிரியும் 8 பின் பிராசசருக்கு. ஆறும் ரெண்டுமா பிரியுறது கிராஃபிக்ஸ் கார்டுக்கு. இடம் மாத்தி அழுத்தித் திணிக்காதீங்க. கழட்டி மாட்டும் கேபிள் உள்ள மாடலா இருந்தால், பழைய கேபிளைப் புதுசில் போடவே கூடாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே ஒயர் வரிசை வேற. ஹார்டு டிஸ்க் ஒரு நொடியில் போயிடும். பழைய எஸ்.எம்.பி.எஸ். பின்னாடி 115/230னு சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அது 230இல் இருக்கான்னு பாருங்க.

எந்தக் காரணத்துக்காகவும் எஸ்.எம்.பி.எஸ். டப்பாவைத் திறக்காதீங்க. உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரைக்கும் தேங்கி நிக்கும். ப்ளக்கைப் பிடுங்கின பிறகும்.

சுமார் மூவாயிரம் ரூபாய்க்கு நல்லதா ஒண்ணு வாங்கி மாட்டினேன். சத்தமே இல்லை. சூடும் இல்லை. பெருமையா இருந்துச்சு.

அடுத்த வாரம்தான் மகள் சொன்னாள்: "கம்ப்யூட்டர் கடிக்குதுப்பா."

நான் தொட்டுப் பார்த்தேன். ஒண்ணும் இல்லை. "போய் ஹோம் ஒர்க் பண்ணு" என்றேன். ரெண்டாவது தடவை, "புது எஸ்.எம்.பி.எஸ்.ல ஏதோ கோளாறு, கடையில் மாத்திக்கலாம்" என்று மனைவியிடம் சொன்னேன். மூணாவது தடவை நான் போனில் இருந்தேன்.

ஐப்பசி மழை. நைட் டூட்டி. பதினோரு மணிக்கு ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்க. முப்பது வயசுக்குள்ள. தோல் ஷெட்டில் வேலை. ஈரத்தரையில் நின்னு தண்ணி மோட்டாரைத் தொட்டிருக்கார். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

நாடித்துடிப்பு இல்லை. வழியில் யாரும் நெஞ்சை அழுத்தவில்லை. நாங்க அரை மணி நேரத்துக்கு மேல் அழுத்தினோம், ஷாக் கொடுத்தோம், மருந்து போட்டோம். திரும்பவே இல்லை.

வெளியே வந்து அவர் மனைவியிடம் சொல்லிட்டு நின்னேன். அவங்க அழவில்லை. "செருப்பு போட்டுக்கினு தானே போனாரு" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாங்க.

கூட வந்த தொழிலாளி ஒருத்தர் சொன்னதுதான் என்னை உலுக்கிடுச்சு. "ஒரு வாரமாவே அந்த மோட்டார் லேசா கடிச்சிக்கினுதான் சார் இருந்துது. நாங்க பாத்து பாத்து தொடுவோம்."

கடிச்சிக்கினு.

காலையில் வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கூட மாத்தாமல், டெஸ்டரை எடுத்து கம்ப்யூட்டர் கேபினெட்டில் வெச்சேன். லைட் எரிஞ்சுது. செருப்பைக் கழட்டி வெறுங்காலோட மொசைக் தரையில் நின்னு, புறங்கையால் லேசா உரசினேன். சுர்ருன்னு இழுத்துச்சு. நான் எப்பவும் ரப்பர் செருப்போட உட்காருவேன். அவள் வெறுங்கால். அதான் அவளுக்கு மட்டும் கடிச்சிருக்கு. இந்தச் சோதனையை நீங்க செய்யாதீங்க. நான் செஞ்சதே முட்டாள்தனம்.

தெரிஞ்ச ஒயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டேன். ப்ளக் பாயிண்டைக் கழட்டிப் பார்த்துச் சிரிச்சார். "இன்னா டாக்டர் சார், மூணாவது ஓட்டையில ஒயரே இல்ல. ஓட்டை மட்டும்தான் கீது."

மெயின் போர்டு வரைக்கும் போய்ப் பார்த்தார். அர்த் ஒயர் அங்கேயே வெட்டுப்பட்டுக் கிடந்துச்சு. கீழே முற்றத்துக்கு எப்போதோ டைல்ஸ் போட்டப்போ, அர்த் குழியையும் சேர்த்து மூடிட்டாங்க. வீடு முழுக்க அர்த் கிடையாது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர் எல்லாமே வெறும் மூணு பின் பொம்மை.

"அண்ணே, அப்போ 600 ரூபா எஸ்.எம்.பி.எஸ். மட்டும் ஏன் கடிக்கலை?" என்று கேட்டேன். அதுக்குப் பதிலை அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மின்சார இரைச்சலை வடிகட்டி அர்த்துக்கு அனுப்ப, ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் வெச்சிருப்பாங்க. அர்த் இருந்தால் அது வழியா நிம்மதியா மண்ணுக்குப் போயிடும். அர்த் இல்லைன்னா கேபினெட்டிலேயே தங்கும், சுமார் 115 வோல்ட். ஓடும் மின்சாரம் ரொம்பக் கொஞ்சம், ஒரு மில்லி ஆம்பியர் அளவில். சுர்ருன்னு இருக்கும், கொல்லாது. மலிவு டப்பாவில் காசு மிச்சம் பிடிக்க அந்த வடிகட்டியையே போடுவதில்லை. அதனால் அது கடிக்கலை.

அதாவது நல்ல பொருள்தான் வீட்டோட நோயைக் காட்டிக் கொடுத்துச்சு. நான் அதைக் கடையில் திருப்பிக் கொடுக்க இருந்தேன்.

ஒரு மில்லி ஆம்பியர் சுர்ருங்கும். 10ஐத் தாண்டினால் தசை இறுகி, பிடிச்ச கையை விட முடியாது. 50, 100க்குப் போனால் இதயம் தாளம் தப்பி நடுங்கி நின்னுடும். ஈரத் தோலின் தடை சுமார் 1000 ஓம் வரைக்கும் இறங்கும். 230 வோல்ட்டை 1000ஆல் வகுங்க. 230 மில்லி ஆம்பியர். அன்னிக்கு ராத்திரி நடந்தது அதுதான்.

அர்த் இல்லாத வீட்டில் இன்னிக்கு சுர்ருங்கும் இரும்புப் பெட்டியில், நாளைக்கு ஒரு ஒயர் தேஞ்சு பட்டால் முழு 230 வோல்ட்டும் அதில் நிக்கும். ஃப்யூஸ் போகாது. மண்ணுக்குப் போக அதுக்கு வழி வேணும். அந்த வழி நாமளாயிடுவோம்.

வீட்டுக்காரர் முதலில் "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே டாக்டர்" என்றார். இதையேதான் பிரஷர் மாத்திரை போடாதவங்களும் என்கிட்ட சொல்வாங்க. நடந்ததைச் சொன்னேன். செலவில் பாதி நான், பாதி அவர். புதுசா குழி தோண்டி, ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, எல்லா பாயிண்டுக்கும் பச்சை ஒயர் இழுத்தாச்சு. மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒண்ணும் போட்டாச்சு. கசிவு இருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் வீட்டு மின்சாரத்தையே வெட்டிடும்.

உங்ககிட்ட நான் கேட்பது இதுதான்:

வீட்டில் எதுவாவது, கிரைண்டரோ ஃப்ரிட்ஜோ கம்ப்யூட்டரோ, லேசா சுர்ருங்குதுன்னு யாராவது சொன்னால், செருப்பு போட்டுக்கோன்னு பதில் சொல்லாதீங்க. அன்னிக்கே ஒயர்மேனைக் கூப்பிட்டு அர்த் சோதிக்கச் சொல்லுங்க. மூணு பின் ப்ளக்கை ரெண்டு பின் ஆக்கும் கன்வெர்ட்டரைத் தூக்கிப் போடுங்க. அர்த் குழிக்குக் கோடையில் தண்ணி ஊத்துங்க. ஆர்.சி.சி.பி. இருந்தால் அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனை மாசம் ஒரு தடவை அழுத்திப் பாருங்க.

யாருக்காவது ஷாக் அடிச்சால் முதலில் மெயினை ஆஃப் பண்ணுங்க. முடியலைன்னா காய்ஞ்ச மரக்கட்டையால் தள்ளிவிடுங்க, வெறுங்கையால் தொடாதீங்க. மூச்சு இல்லைன்னா நெஞ்சு நடுவில் ரெண்டு கையையும் வெச்சு, அஞ்சு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்க. இன்னொருத்தர் 108ஐக் கூப்பிடட்டும். எங்க கைக்கு வரும் வரைக்கும் அழுத்திக்கிட்டே வாங்க. அன்னிக்கு ராத்திரி யாராவது அதைச் செஞ்சிருந்தால் என்று நான் இன்னும் நினைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

வேலை முடிஞ்ச அன்னிக்குச் சாயந்திரம் மகளைக் கூப்பிட்டு, "இப்ப தொட்டுப் பாரு" என்றேன். கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, "நீ மொதல்ல தொடுப்பா" என்றாள்.

செருப்பைக் கழட்டிட்டுத் தொட்டேன்.



ஆற்காட்டிலிருந்து ஒரு அரசு மருத்துவர்