விருந்தாளி வண்ணத்துப்பூச்சி, வீட்டுக்காரத் தட்டான்!

மேட்டுப்பாளையத்தைத் தாண்டி நீலகிரி மலை ஏறத் தொடங்கும் இடம் கல்லாறு. வெயில் ஏறும் நேரத்தில், ஓடைக்கரை ஈர மணலில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர்கள் உடனே செல்போனை எடுத்துவிடுவார்கள். பக்கத்துப் பாறையில் தட்டான் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

இரண்டுக்கும் நான்கு இறக்கைகள், ஆறு கால்கள். ஒற்றுமை கிட்டத்தட்ட அத்தோடு சரி. வண்ணத்துப்பூச்சியின் இறக்கையைத் தொட்டால் விரலில் பொடி ஒட்டும். அந்தப் பொடி, நுண்ணிய செதில்கள். தட்டானின் இறக்கையோ கண்ணாடித்தாள் மாதிரி. உட்காரும்போது வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் கைகூப்பியதுபோல் இறக்கைகளை மேலே சேர்த்து வைக்கும். தட்டான் விரித்தே வைத்திருக்கும். அது தேன் குடிக்கும். இது பறந்தபடியே கொசுவைப் பிடித்துத் தின்னும். நான்கு இறக்கைகளையும் தனித்தனியாக அசைக்க முடிவதால், தட்டானால் அந்தரத்தில் நிற்கவும் பின்னோக்கிப் பறக்கவும் முடியும்.

ஓடைக்கு வரும் காரணமும் வேறுதான். ஈர மணலில் கூடுபவை பெரும்பாலும் ஆண் வண்ணத்துப்பூச்சிகள். மண்ணில் உள்ள உப்புச் சத்தை உறிஞ்சத்தான் இந்தக் கூட்டம். இணைசேரும்போது அந்தச் சத்தில் ஒரு பங்கு பெண்ணுக்குப் போகும். வேலை முடிந்ததும் கிளம்பிவிடும். அதன் புழு வளர்வது செடியிலும் மரத்திலும்.

தட்டானுக்கு ஓடைதான் பிறந்த வீடு. பல வகைகளில், பெண் தட்டான் வால் நுனியால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிடும். குஞ்சு தண்ணீருக்குள்ளேயே, செவுளால் மூச்சுவிட்டு, கொசுப்புழுக்களைத் தின்று வளரும். சில வகைகளுக்கு இது மாதக்கணக்கில் நீளும். வண்ணத்துப்பூச்சிக்கு உள்ள கூட்டுப்புழுப் பருவம் இதற்குக் கிடையாது. வளர்ந்ததும் ஒருநாள் கரையோரத் தண்டில் ஏறித் தோலை உரித்துவிட்டுப் பறக்கும்.

ஓடை கெட்டால் என்ன ஆகும்? வண்ணத்துப்பூச்சி வேறு ஈரம் தேடிப் போய்விடலாம். இறக்கை முளைக்காத தட்டான் குஞ்சு எங்கே போகும்? சோப்பு நுரையும் சாக்கடையும் கலந்த தண்ணீரில் தாக்குப்பிடிப்பவை சில வகைகள்தான். மற்றவை சத்தமில்லாமல் காணாமல் போகும். கொசுக்களுக்கு அது கொண்டாட்டம்.

முன்பெல்லாம் தட்டான் வாலில் நூல் கட்டி விளையாடும் பிள்ளைகளை, “பாவம்டா, விட்டுடு” என்று பாட்டிகள் அதட்டுவார்கள். இன்று நூல் கட்டும் பிள்ளைகள் குறைவு. ஓடையில் குளித்துவிட்டு ஷாம்பு பாக்கெட்டைத் தண்ணீரோடு விட்டுவரும் பெரியவர்களை அதட்டத்தான் ஆளில்லை.